செம்பின் விலை, அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு

உங்கள் வயலில் உழும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் ஏதாவது தட்டுப்பட்டால் நீங்கள் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு என்று எழுதி, பொருளைப் பக்கத்து அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். மறைத்தால் உங்களுக்கு வர வேண்டிய பங்கு போய்விடும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இப்படிச் சொல்கிறது. நூறாண்டுக்கு முந்தைய பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாயாகவே அதில் நிற்கிறது.

அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு என் மனதை விட்டுப் போகாத ஒன்று. கிடைத்த புதையலை அரசு தானே வைத்துக்கொள்ள விரும்பினால், உரியவர்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அது கணக்குச் சொல்கிறது. பொருள் எதனால் ஆனதோ அந்த மூலப்பொருளின் மதிப்பு, அதோடு அந்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். நூறு கிலோ எடையுள்ள ஒரு நடராஜர் கிடைத்தால், நூற்றிருபது கிலோ செம்பின் விலை. ஆயிரம் ஆண்டுப் பழமைக்கும் வேலைப்பாட்டுக்கும் அந்த இருபது கிலோவுக்குள்தான் இடம். சட்டத்தை எழுதியவர்கள் கண் முன் பானை நிறையக் காசு மட்டுமே இருந்திருக்க வேண்டும். காசுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்புத் திருமேனிகளில் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் வழியாக வந்தவை. விலைக்கு வாங்கியவையும் நன்கொடையாக வந்தவையும் கொஞ்சம் உண்டு. மற்றபடி, கிணறு வெட்டியபோது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, ஏர் உழுதபோது கிடைத்தவை. தாசில்தார் அலுவலகம், கருவூலம், கலெக்டர் கடிதம் என்று கோப்பு நகர்ந்து, கடைசியில் அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலைக்கு வந்து சேர்ந்தன. பெரிய அருங்காட்சியகங்களைப் பற்றிப் பேசும்போது 'கொள்ளையடித்து வைத்திருக்கிறார்கள்' என்பது இப்போது பொதுவான பேச்சு. பல இடங்களில் அது உண்மைதான். எழும்பூரின் திருமேனிகளுக்கு அந்தச் சொல் பொருந்தாது. இவை வந்த கதை கொள்ளையை விட விசித்திரமானது.

1851இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது வெண்கலத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில், எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில், பாறை மாதிரிகளோடுதான் ஆரம்பம். 1854இல் எழும்பூருக்கு மாறியது. பால்ஃபர் அங்கே உயிருள்ள புலியும் சிறுத்தையும் வைத்துக் கூட்டம் சேர்த்தார். சென்னையின் மிருகக்காட்சிச் சாலைக்கு அதுவே வித்து. சிலை என்றால் அப்போது அமராவதிதான். கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியின் கற்களை 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியது, மீதி இங்கே நிற்கிறது. அமராவதிக் கற்கள் தேடிப் போய்த் தோண்டியவை. செப்புத் திருமேனிகளை யாரும் தேடவில்லை. அவை இடறின.

சரி, இவ்வளவு தெய்வங்களை மண்ணுக்குள் வைத்தது யார்?

கேட்ட உடனே எல்லோரும் சொல்வது மாலிக் காஃபூர். 1311இல் தில்லிப் படை மதுரை வரை வந்தது. கோயில்கள் பயந்து புதைத்தன. பதில் தவறில்லை. ஆனால் தோண்டுகிற ஒவ்வொரு குழிக்கும் அதே பெயரைச் சீட்டாக ஒட்டுவது சோம்பேறித்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு மதுரை சுல்தான்கள் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர்ப் படை வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப், மராத்தியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஐதர் அலி என்று காவிரிப் படுகை ஓயாமல் மிதிபட்டது. பித்தளையும் செம்பும் பீரங்கிக்கு ஆகும் காலத்தில், உலோகத் திருமேனியை ஒளித்து வைக்கக் காரணம் மதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று, பல குழிகளில் பதற்றமே தெரியாது. மணல் பரப்பி, வரிசையாகக் கிடத்தி, பூசைப் பாத்திரங்களையும் கூடவே வைத்து மூடியிருப்பார்கள். இதற்கு முறையே எழுதி வைத்திருக்கிறார்கள். வைணவக் கோயில் வழிபாட்டு முறைகளில் ஒன்றான வைகானச ஆகமத்தின் விமானார்ச்சனாகல்பம் என்ற நூல், ஆபத்துக் காலத்தில் உற்சவத் திருமேனியை ரகசியமான இடத்தில் குழி வெட்டி, மணல் பரப்பி, கிடத்தச் சொல்கிறது. பயம் தீரும்வரை பூமிதேவியோடு சயனத்தில் இருக்குமாறு இறைவனிடம் வேண்டிக்கொள்ள வேண்டும். அதுவரை பூசை, தர்ப்பைப் புல்லை முடிந்த கூர்ச்சத்துக்கு நடக்கும். ஆபத்து போனதும் எடுத்துச் சுத்தி செய்து மறுபடி எழுந்தருளச் செய்ய வேண்டும். ஆக, புதைப்பது முடிவாக இருக்கவில்லை, விடுப்பு மாதிரி.

விடுப்பு முடிந்து திரும்பியவரும் உண்டு. சிதம்பரம் நடராஜரை 1648இல் ஊரை விட்டு எடுத்துப் போனார்கள். குடுமியான்மலையில் கொஞ்ச காலம், பிறகு மதுரை. 1686இல்தான் தில்லைக்குத் திரும்பினார். ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள். அவரை எங்கே வைத்தோம் என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், அடுத்த தலைமுறைக்குச் சொன்னார்கள். எழும்பூரில் நிற்கும் திருமேனிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குழியை அறிந்த நாலு பேர் செத்துப்போனார்கள் அல்லது ஊரே கலைந்தது. ரகசியத்தை அவர்கள் மிக நன்றாகக் காத்துவிட்டதுதான் நடந்த விபரீதம்.

இதைத் தெரிந்துகொண்டு வெண்கலக் கூடத்துக்குள் போனால் பார்வை வேறு மாதிரி ஆகும். முகத்தைப் பார்ப்பதற்கு முன் பீடத்தைப் பாருங்கள். சதுரப் பீடத்தின் பக்கங்களில் துளைகள் அல்லது வளையங்கள் இருக்கும். அவற்றில் கழி செருகிக் கட்டித்தான் திருமேனியைத் தோளில் தூக்குவார்கள். பீடத்தின் இருபுறமும் முளை போல நிற்பவை, திருமேனியைச் சுற்றி வளையும் திருவாசியைப் பொருத்துவதற்கு. இது ஊர்வலம் போன உடம்பு. மூலவர் கல்லாய்க் கருவறையில் இருப்பார். வெயிலுக்கும் தெருவுக்கும் வருபவர் உற்சவர். கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களும் கடவுளைப் பார்த்தது இந்த உற்சவத் திருமேனி வழியாகத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கும் பொருள், செய்யப்பட்டதே நகர்வதற்காக.

அடுத்து முதுகுப்பக்கம் போங்கள். கூடத்தில் பலர் இதைச் செய்வதில்லை. சடை தோளில் இறங்கும் விதம், முதுகுத் தண்டின் குழிவு, இடையில் ஆடை முடிச்சு எல்லாம் முன்பக்கம் அளவுக்கே கவனமாக இருக்கும். கோயிலில் அபிஷேக நேரம் தவிர அந்த முதுகைப் பார்க்க முடியாது. அப்போதும் அருகில் நிற்பவர் அர்ச்சகர் ஒருவர்தான். பட்டும் மாலையும் நகையும் சாத்திய பிறகு வெளியே தெரிவது முகம், கை, பாதம். நாம் 'சோழர் காலச் செப்புச் சிற்பம்' என்று வியக்கும் அந்த இடைவளைவை, வழிபட்ட ஊர்மக்கள் எப்போதாவதுதான் பார்த்திருப்பார்கள்.

அலங்காரம் இல்லாத உடம்பே சிலை என்ற பார்வை அருங்காட்சியகத்தில் பிறந்தது. அதை உலகத்துக்கு எடுத்துப் போனது கேமரா. திருவாலங்காட்டு நடராஜர் இங்கே இருக்கிறார். பதினோராம் நூற்றாண்டு என்று கணிக்கப்படுபவர். எழும்பூர் நடராஜர்களின் புகைப்படங்கள் பாரிஸில் சிற்பி ரோதேன் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் 1913இல் அவற்றைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921இல் அது அச்சானது. ரோதேன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பக்கத்திலிருந்தும் கோணம் மாற்றியும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து, ஒரு மனித உடம்பைப் பற்றி எழுதுவது போலத்தான் எழுதினார். அதே காலத்தில், ஈழத் தமிழர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி அந்த ஆட்டத்துக்குத் தத்துவப் பொருள் சொன்னார். ஒருவர் உடம்பைப் பார்த்தார், இன்னொருவர் தத்துவத்தைப் பார்த்தார். கழி செருகும் துளையைப் பற்றி இருவருக்கும் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

பழைய கணக்கைத் தெரிந்துகொள்ளத் தஞ்சைப் பெரிய கோயில் சுவருக்குத்தான் போக வேண்டும். 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று ராஜராஜன் வெட்டச் சொன்ன பட்டியலில் அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பாதாதிகேசாந்தம், அதாவது அடி முதல் முடி வரை, இத்தனை முழம் இத்தனை விரல் என்று உயரம். எத்தனை கை. கனமாகச் செய்ததா, பொள்ளலாக, அதாவது உள்ளே வெற்றாகச் செய்ததா. பீடம் எவ்வளவு, பிரபை என்ற திருவாசி எவ்வளவு. இன்றைய அருங்காட்சியகப் பதிவேட்டில் இவ்வளவு விவரம் இருந்தால் நாம் மகிழ்ந்துபோவோம். ஆனால் அந்த அறுபதில் இன்று அடையாளம் சொல்ல முடிவது ஓரிரண்டைத்தான். எழும்பூரில் நிலைமை நேர் தலைகீழ்: திருமேனி இருக்கிறது, பட்டியல் இல்லை.

அந்தக் கல்வெட்டில் ஒரு சின்ன விஷயம். கோயிலுக்குக் கொடுத்த பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். மணி பதித்த நகைகளுக்கு 'தக்ஷிணமேருவிடங்கன்'. இரண்டும் கடவுளின் பெயர்கள்; ஆடவல்லான் என்றால் நடராஜர். அன்றைக்கு ஆடவல்லான் பெயரால் பொன்னை நிறுத்தார்கள். 1878க்குப் பிறகு ஆடவல்லானையே நிறுத்தார்கள்.

பட்டியல் இல்லாததால் காலம் சொல்வது பெரிய சிக்கல். செப்புத் திருமேனிகளில் மிகப் பலவற்றில் எழுத்தே கிடையாது. பூணூல் எப்படி மடிகிறது, தோள்வளை எந்த வடிவம், முகம் நீளமா வட்டமா என்று பாணியை வைத்து 'பத்தாம் நூற்றாண்டு', 'பன்னிரண்டாம் நூற்றாண்டு' என்று எழுதுகிறார்கள். பலகையில் அச்சடித்திருப்பதால் அது உறுதி என்று நினைத்துவிட வேண்டாம். படித்தவர்களின் ஊகம், அவ்வளவே. உலோகத்தில் கலந்த ஈயத்தின் ஐசோடோப் விகிதத்தை அளந்து, ஒரே கால உலோகத்தைக் கூட்டம் பிரிக்கும் முறையை ஆய்வாளர் ஷாரதா சீனிவாசன் கையாண்டார். சோழர் காலத்தவை என்று நினைத்த சில நடராஜர்கள் பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என்று அவர் வாதிட்டது இந்த வழியில்தான்.

தேதியோடு சேர்ந்து கிடைத்த அபூர்வம் திருவெண்காடு. சீர்காழிக்கும் பூம்புகாருக்கும் நடுவில் இருக்கும் ஊர். 1951 தொடங்கிச் சில தவணைகளில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து திருமேனிகள் வந்தன. அவற்றில் ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், 1011இல் எழுந்தருளுவிக்கப்பட்டதையும், அடுத்த ஆண்டு அவருக்கு உமை செய்து வைத்ததையும் அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. பாம்பு பின்னிய சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, ஒரு காலை மடக்கி, காளையின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார், காளை கிடைக்கவில்லை. அந்தரத்தில் தொங்கும் அந்தக் கையின் தளர்ச்சியைப் பார்த்தால் அங்கே காளை இருப்பதாகவே தோன்றும்.

இவர் இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அதே திருவெண்காட்டு அர்த்தநாரி சென்னையில். ஒரே கோயில், ஒரே மண், இரண்டு ஊர்கள். தஞ்சைக் கலைக்கூடம் தொடங்கியதும் 1951இல்தான். கரந்தையில் கவனிப்பாரில்லாமல் கிடந்த ஒரு பிரம்மா சிலையை வெளியூருக்கு எடுத்துப் போகும் பேச்சு எழுந்து, ஊர்மக்கள் விட மறுத்ததிலிருந்து பிறந்தது அது. அது வந்த பிறகு தஞ்சை வட்டாரத்துப் பொருள் எல்லாம் சென்னைக்கே போக வேண்டும் என்ற நிலை மாறியது. எனக்குக் கேட்டால், காவிரித் திருமேனி காவிரிக்குப் பக்கத்திலேயே இருப்பது நல்லது. சென்னையின் கடற்காற்றை நினைத்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

கடற்காற்று என்று சும்மா சொல்லவில்லை. மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த செம்பில் மண்ணின் உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்து ஈரக் காற்று பட்டதும் அந்தக் குளோரைடு வேலையைத் தொடங்கும். வெளிர்பச்சைப் பொடி பூக்கும், தட்டினால் உதிரும், கீழே உலோகம் குழி விழும். வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். புதையலாக வந்த திருமேனிகளை மண்ணை விட அருங்காட்சியகக் காற்று சீக்கிரம் தின்றுவிடும் என்ற நிலை. 1930களில் எழும்பூரின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பால் இதற்கு வைத்தியம் பார்த்தார். நீர்த்த காரக் கரைசலில் திருமேனியை இறக்கி, அதை எதிர்மின் முனையாக வைத்து மெதுவாக மின்சாரம் செலுத்தினால் உப்பு வெளியேறும். அபிஷேகத்துக்குப் பழகிய உடம்புக்குக் காரத் தொட்டிக் குளியல். இன்று நாம் விரலையும் நகத்தையும் எண்ண முடிகிறது என்றால் அந்தத் தொட்டிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்த நுணுக்கம் எப்படி வந்தது என்பதற்குச் சுவாமிமலைக்குப் போகலாம். ஸ்தபதிகள் இன்றும் அதே வழியில்தான் வார்க்கிறார்கள். தென்னங்கீற்று ஓலையை உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவு எடுப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிப்பார்கள். (நிலக்கடலை நம் நாட்டுக்கு வந்ததே போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான், சோழர் காலத்து ஸ்தபதி வேறு ஏதோ எண்ணெயைத்தான் ஊற்றியிருப்பார்.) மெழுகின் மேல் முதலில் காவிரியின் நைசான வண்டல் மண், அதன் மேல் கரட்டு மண், கம்பிக் கட்டு. சூடு காட்டினால் மெழுகு ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகம். ஆறியதும் அச்சை உடைக்க வேண்டும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரு திருமேனிதான். பழையவற்றில் நகை, மடிப்பு எல்லாம் மெழுகிலேயே முடிந்திருக்கும். பிற்காலத்தவற்றில் வார்த்த பிறகு உளியால் வெட்டிய கூர்மை தெரியும். கூடத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒன்று பிசைந்தது, இன்னொன்று செதுக்கியது என்று கண்ணுக்கே தெரியும்.

ஐம்பொன் என்கிறோம். சோதித்துப் பார்த்தால் பெரும்பங்கு செம்பு; கொஞ்சம் வெள்ளீயம், கொஞ்சம் ஈயம். பொன்னும் வெள்ளியும் பெயருக்கு. அப்படியானால் இவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி செம்புச் சுரங்கம் இல்லை. கெய்ரோ யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த பழங்கடிதங்களின்படி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் பட்டறை வைத்திருந்த பென் யிஜு என்ற வணிகருக்கு ஏடனிலிருந்து உடைந்த பாத்திரமும் செம்பும் வந்திருக்கின்றன. புதுப் பாத்திரங்களாகத் திரும்பிப் போயிருக்கின்றன. அது மேற்குக் கரைக் கதை. சோழர் செம்புக்கு இலங்கையின் திருகோணமலைப் பக்கத்துச் சேருவில் படிவத்தைச் சிலர் சுட்டுகிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் பொலன்னறுவை சோழர் கையில் இருந்தது. அதே பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாட்டில் 1907, 1908இல் கிடைத்த நடராஜரும் நாயன்மாரும் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். எழும்பூரைப் பார்த்தவர்கள் அங்கே போனால் அந்த முகங்களை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எழும்பூரில் சைவ வைணவத் திருமேனிகளைத் தாண்டி ஓரமாக நிற்பவர்கள் நாகப்பட்டினத்துப் புத்தர்கள். தலையில் தீச்சுடர் போல உஷ்ணீஷம் என்ற உச்சிப் புடைப்பு. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்த விகாரம் நின்ற ஊரில் 1856 தொடங்கி 1930கள் வரை ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. பிறகு உலகம் முழுக்கச் சிதறின. தமிழ்நாட்டில் பௌத்தம் எட்டாம் நூற்றாண்டோடு முடிந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால், பேசாமல் அந்த அலமாரி முன் கொண்டுபோய் நிறுத்தலாம்.

இப்போது 16ஆவது பிரிவுக்குத் திரும்பலாம். செம்பின் விலையும் ஐந்தில் ஒரு பங்கும் என்ற கணக்கு, வெளியே அந்தப் பொருளுக்கு வேறு விலை இல்லாத வரை ஓடியது. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தையில் திருமேனிக்கு லட்சக்கணக்கில் டாலர் என்று ஆன பிறகு, கலெக்டருக்குக் கடிதம் எழுதுபவருக்கும் ராத்திரியில் தரகரைத் தேடுபவருக்கும் கிடைப்பதில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

1976இல் பத்தூரில் அதுதான் நடந்தது. பழைய சிவன் கோயில் இடிபாட்டருகே ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் நடராஜர் தட்டுப்பட்டார். தகவல் போகவில்லை; சிலை கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போனது. பம்பர் டெவலப்மென்ட் என்ற கனடா நிறுவனம் 1982இல் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பராமரிப்புக்காகக் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கில் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் மட்டும் இல்லை. கோயிலும் அதன் சிவலிங்கமும்கூட உரிமை கோரின. அதே இடத்தில் பின்னால் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட உலோகத்தையும் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். 1988இல் கோயில் பக்கம் தீர்ப்பு. 1991இல் மேல்முறையீடும் தள்ளுபடி. அந்த ஆண்டே நடராஜர் ஊர் திரும்பினார். பூசை நின்று, கூரை விழுந்து, காடு மண்டிய கோயில்கூடத் தன் பொருளைக் கேட்கலாம் என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. புதையல் சட்டத்தின் நோக்கில் அவர் உரிமையாளர் இல்லாத பொருள். லண்டன் தீர்ப்பின் நோக்கில் அவருக்கு எப்போதும் வீடு இருந்தது.

'அப்படியானால் எல்லாவற்றையும் கோயிலுக்கே கொடுத்துவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சிவபுரத்தில் செய்து பார்த்தார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர் அங்கே கோயிலுக்கே ஒப்படைக்கப்பட்டார். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் நகல் செய்து, நகலைக் கோயிலில் வைத்துவிட்டு அசலை விற்றார்கள். ஊர் நகலுக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தது. அசலை 1973இல் அமெரிக்கச் செல்வந்தர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை வாங்கியது. சமரசம் பேசி 1986இல்தான் திரும்பக் கிடைத்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலோ புதையலே இல்லை; பூட்டிய கோயிலிலிருந்து திருடினார்கள். அந்த நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950கள் முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களால் குட்டு வெளிப்பட்டு, 2014இல் திரும்பி வந்தார். இப்படி வந்தவர்களில் பலர், பூசையில்லாத கோயில்களின் திருமேனிகளோடு சேர்ந்து பாதுகாப்பு மையங்களின் இரும்புக் கதவுக்குள் இருக்கிறார்கள். கோயிலும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. மூன்றாவது வகைப் புதையல்.

இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு யாகசாலைக்காக மண் எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த செப்பேடுகள் நானூறுக்கு மேலும் கிடைத்தன. சம்பந்தர் பிறந்த ஊரிலேயே செம்பில் தேவாரம். அரசுக்கா, கோயிலுக்கா என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிட்டது. கோயில் வளாகத்துக்குள்ளேயே, கோயில் தானே புதைத்து வைத்ததாகத் தோன்றும் பொருளை 'உரிமையாளர் தெரியாத புதையல்' என்று எப்படிச் சொல்வது என்பது அந்த 1878ஆம் ஆண்டு வாசகங்கள் நினைத்துப் பார்க்காத சங்கடம்.

சீர்காழியிலிருந்து திருவெண்காடு கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் பேருந்தில் கொஞ்ச நேரம்தான். ரிஷபவாகனரின் காளை இன்னும் அங்கே எங்காவது மண்ணுக்குள் கிடக்கலாம். எப்போதோ உருகிப் பாத்திரமாகவும் போயிருக்கலாம். கிடைத்தால் கண்டவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல்தான் இருக்கும்.